லேசர் ஒளியும் மறைந்திருக்கும் குறைகளும்

நமக்கு அண்டையிலுள்ள திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில், 2024 மே 9 அன்று, இஸ்ரோ ஒரு புதுமையான எஞ்சினை 665 விநாடிகள் எரியவிட்டுச் சோதித்து வெற்றி கண்டது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் நிலைக்குரிய அந்த எஞ்சினில் முன்பு 14 பாகங்கள் இருந்தன. இப்போதோ அது ஒரே துண்டு! 19 பற்றவைப்பு இணைப்புகளும் நீங்கின.

இதைச் செய்யும் முறையைக் காண்போம். உலோகத் தூளை மெல்லிய அடுக்காகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசரால் உருக்குகிறார்கள். அது உறைந்ததும் அடுத்த அடுக்கு. ஆகவே, பொருள் முழுவதுமே ஒரு பற்றவைப்புதான் எனலாம்.

வேலை சீக்கிரம் முடிய லேசரை வேகமாக ஓட்டலாமே என்று நாம் நினைப்போம். வேகம் மிஞ்சினால் வெப்பம் போதாது. தூள் அரைகுறையாக உருகி, அடுக்குகளுக்கிடையே இடைவெளி விழும். அதை ஈடுசெய்ய ஆற்றலையும் வேகத்தோடு கூட்டிக்கொண்டே போனால், உருகிய உலோகம் நீண்டு, சேம்பிலைத் தண்ணீர்போல் உருண்டைகளாகப் பிரியும். வேகத்திற்கு மிஞ்சிய ஆற்றல் பாய்ந்தாலோ உலோகம் ஆவியாகி ஆழமான குழி உண்டாகும். அது சரிந்து மூடும்போது வாயுக் குமிழி உள்ளே சிறைப்படும்.

அடுத்த அடுக்கு இக்குறைகளை மறைத்துவிடும். ஆனால் எஞ்சின் அதிரும்போது விரிசல் அங்கிருந்தே தொடங்கலாம். எனவேதான் இத்தகைய பொருள்களின் உட்புறத்தை எக்ஸ் கதிர்களால் படம்பிடித்து ஆராய்கிறார்கள்.

ஆற்றலும் வேகமும் அடுக்கின் தடிப்பும் இசைந்தால்தான் உறுதி பிறக்கும். 'பதறாத காரியம் சிதறாது' என்னும் நம் பழமொழி லேசருக்கும் பொருந்துகிறதன்றோ!