ஒரு கணினிக்குள் பல கணினிகள்



நம் துவாக்குடியில் உள்ள தேசிய தொழில்நுட்பக் கழகத்தை அறியாதார் இலர். 1964-இல் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கி, 2003-இல் இப்பெயர் பெற்றது அது. அங்கே 2022 மே 25 அன்று ‘பரம் பொருள்’ என்னும் மீக்கணினி தொடங்கி வைக்கப்பட்டது. விநாடிக்கு 838 இலட்சம் கோடிக் கணக்குகளைச் செய்யும் ஆற்றல் அதற்கு உண்டு. பல கணினிகளை ஒன்றாகப் பிணைத்து உழைக்கச் செய்வதே அதன் தத்துவம்.

இதற்கு நேர்மாறான வித்தை ஒன்றும் உண்டு. ஒரே கணினியைப் பல கணினிகளாகப் பிரிப்பதே அது. அவ்வாறு பிரித்த ஒரு பங்கினை ‘மெய்நிகர்த் தனிச் சர்வர்’ என்பர்.

சர்வர் என்றால் என்ன? இரவும் பகலும் ஓயாது விழித்திருந்து, கேட்போர்க்கெல்லாம் இணையப் பக்கங்களை அனுப்பும் கணினியே சர்வர். ஒரு பள்ளியின் இணையதளமும் ஏதேனும் ஒரு சர்வரில்தான் குடியிருக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உள. நம் ஊர்த் தொழிற்பேட்டையை மனத்தில் கொண்டால் இவை எளிதில் விளங்கும்.

முதலாவது, பகிர்வு முறை. ஒரே கூடத்தில் பல பட்டறைக்காரர்கள் சேர்ந்து தொழில் செய்வது போன்றது இது. வாடகை குறைவு. ஆனால் ஒருவர் பெரிய இயந்திரத்தை ஓட்டினால் மற்றவர் வேலை மந்தமாகும்.

இரண்டாவது, முழுச் சர்வரையும் தனியே எடுத்துக்கொள்வது. சொந்த நிலத்தில், சொந்த மின்மாற்றியுடன் ஆலை அமைப்பதற்கு இது நிகர். செலவு மிகுதி, சிறு நிறுவனத்திற்குப் பெரும்பகுதி வீணே கிடக்கும்.

மூன்றாவதே மெய்நிகர்த் தனிச் சர்வர். பேட்டையில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுப்பது போன்றது. சாலையும் சுற்றுச்சுவரும் பொது. பூட்டும் சாவியும் மின் அளவும் தனி.

இப்பங்கீட்டைச் செய்யும் மென்பொருளுக்கு ‘ஹைப்பர்வைசர்’ என்று பெயர். ஒரு கணினியில் 32 செயலிக் கருக்களும் 128 ஜி.பி. நினைவகமும் இருப்பதாகக் கொள்வோம். தலைக்கு 2 கருக்கள், 8 ஜி.பி. என்று 15 பேருக்கு வழங்கி, எஞ்சிய ஒரு பங்கை அது தன் பணிக்கு வைத்துக்கொள்ளலாம். ஒருவர் தம் பங்கை நிறுத்தி மீண்டும் இயக்கினாலும் அடுத்தவர்க்கு இடையூறு இல்லை. சில நிறுவனங்கள் உள்ள கருக்களுக்கு மேலாகவும் பங்கிட்டு விற்பதுண்டு; ஆதலால் வாங்குமுன் கேட்டறிதல் நன்று.

இவ்வெண்ணம் புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1972-லேயே தன் பெருங்கணினிகளுக்கு இத்தகைய மென்பொருளை அறிவித்தது. 2007-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவிலேயே ‘கே.வி.எம்.’ என்னும் பகுதி சேர்க்கப்பட்டது. லினக்ஸ் இலவசமாகக் கிடைப்பது. ஆகவே சிறிய நிறுவனங்களும் இத்தொழிலில் இறங்க முடிந்தது.

தோழியரே, இங்குக் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சாவி நம் கையில் என்றால் காவலும் நம் கடமையே. கடவுச்சொல்லைக் காத்தல், மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்தல், தேவையற்ற வாயில்களை அடைத்தல் ஆகியவை பெரும்பாலும் வாடகைதாரரின் வேலை. பள்ளித் தளத்தில் மாணவியரின் பெயர், முகவரி, பெற்றோரின் தொலைபேசி எண் இருக்கலாம். 18 வயது நிரம்பாதோர் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்று இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. அவ்வளவு அருமையான பொருளை அங்கே வைக்கிறோம்!

மற்றொன்று. சுவர்கள் தனித்தனியே ஆனாலும் கூரை ஒன்றே. 2021 மார்ச் 10 அன்று பிரான்சு நாட்டின் ஸ்திராஸ்பூர்க் நகரில், ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீக்கிரையாயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் இலட்சக்கணக்கான தளங்கள் நின்றுபோயின. வேறிடத்தில் நகல் வைத்திருந்தோர் மீண்டனர். அங்கேயே எல்லாவற்றையும் வைத்திருந்தோரில் பலர் நிரந்தரமாக இழந்தனர்.

ஆகவே, தேவைக்கேற்ற இடத்தைத் தேர்க; பூட்டைச் சரிபார்க்க; நகலை வேறோர் ஊரில் வைக்க. அந்நகலிலிருந்து தளத்தை மீட்க முடிகிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறையேனும் சோதித்துப் பார்க்க. சோதிக்காத நகல், திறந்து பாராத பெட்டி போன்றதே.