வீட்டு பேட்டரிக்குச் சாமான் வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு

நெய்வேலி நிலக்கரி நிறுவனக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் கரண்ட் போவதைப் பெரிதாகப் பார்த்ததில்லை. அப்பா ரிடையர் ஆகி, வடலூரிலோ மந்தாரக்குப்பத்திலோ வீடு கட்டிக் குடிபோன பிறகுதான் ஈ.பி. கரண்டின் குணம் புரிகிறது. பிறகு சோலார் பேச்சு ஆரம்பிக்கிறது. அதில் தப்பில்லை. 1962-இல் ஓடத் தொடங்கிய நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. பழுப்பு நிலக்கரி தோண்டும் அதே நிறுவனம் இங்கேயே 130 மெகாவாட்டுக்குப் பேனல் போட்டிருக்கிறது. ஆனால் கடைக்குப் போகுமுன் கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள்.

1. எதற்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். பில் குறைய வேண்டுமென்றால் பேட்டரியே வேண்டாம், ஈ.பி. லைனோடு இணைந்து ஓடும் ஆன்-கிரிட் சோலார் போதும். மூன்று கிலோவாட்டுக்குப் பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியமும் உண்டு. ஆனால் லைன் போனால் அந்த இன்வெர்ட்டரும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மேல் உங்கள் வீட்டுக் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்கிறார்கள். வெயில் கொளுத்தும்போது மின்விசிறி ஓடவில்லையே என்று பிறகு சண்டை போடாதீர்கள். கரண்ட் போன நேரத்துக்குத்தான் என்றால் பேட்டரி பற்றிப் பேசலாம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்து, கடலூர் மாவட்டத்தில் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

2. கணக்கை ராத்திரியிலிருந்து தொடங்குங்கள். எல்லோரும் மொட்டை மாடியை அளந்துவிட்டு வருகிறார்கள். அது கடைசி வேலை. முப்பது வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி மூன்று, ஒன்பது மணி நேரம்: 810 வாட்-மணி. ஒன்பது வாட் எல்.இ.டி. நான்கு, ஐந்து மணி நேரம்: 180. வைஃபை பெட்டி பத்து வாட், பதினான்கு மணி நேரம்: 140. டி.வி. 70 வாட், இரண்டு மணி நேரம்: 140. மொத்தம் 1,270. இன்வெர்ட்டரில் வீணாவதைச் சேர்த்தால் 1,400. இதோடு முடிந்ததா? இன்வெர்ட்டர் சும்மா உட்கார்ந்திருக்கவே 25 வாட் தின்னும். பதினான்கு மணி நேரத்துக்கு 350. ஆக 1,750. இந்த 350-ஐ எந்தக் கடைக்காரரும் தானாகச் சொல்ல மாட்டார்.

பழைய 75 வாட் மின்விசிறியே இருக்கட்டும் என்றால் மின்விசிறிக்கு மட்டும் 2,025 வேண்டும். பேட்டரிக்குக் கொடுக்கும் காசில் முதல் பங்கை மின்விசிறிக்குக் கொடுங்கள்.

3. வோல்ட்டேஜைத் தீர்மானிக்காமல் எந்தச் சாமானையும் தொடாதீர்கள். ஆயிரம் வாட் இழுக்க 12 வோல்ட்டில் தொண்ணூறு ஆம்பியருக்கு மேல் ஓடும். 24-இல் அதில் பாதி. ஆம்பியர் பாதியானால் கம்பியில் வீணாகும் சூடு கால்வாசி ஆகிவிடும். அனல்மின் நிலையத்திலிருந்து 230, 400 கிலோவோல்ட்டில் லைன் வெளியேறுவதும் இதே காரணத்தால்தான். இந்த அளவு வீட்டுக்கு 24 வோல்ட் போதும். பிற்பாடு ஃபிரிட்ஜ், மோட்டார் என்று ஆசை வருமென்றால் இப்போதே 48-க்குப் போங்கள். பாதியில் மாற்றினால் பேட்டரி தவிர இன்வெர்ட்டரும் மாற வேண்டியிருக்கும்.

4. பேட்டரி. டியூபுலர் என்றால் 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி இரண்டு: 3,600 வாட்-மணி. பாதிக்கு மேல் இறக்கக்கூடாது, ஆகவே 1,800 கைக்கு வரும். உங்கள் கணக்கு மயிரிழையில் தேறும். ஸ்டிக்கரில் சி10 (பத்து மணி நேரத்தில் இறக்கி அளந்தது) என்று இருக்கிறதா, சி20 (இருபது மணி நேரத்தில் இறக்கி அளந்தது) என்று இருக்கிறதா பாருங்கள். சி20-இல் 150 என்பது சி10-இல் 150 ஆகாது, குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் 25.6 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஒன்று 2,560. எண்பது சதவீதம் எடுத்தாலும் 2,048. தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கும். கை தாங்கினால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

இரண்டுக்கும் பொது எதிரி அக்னி நட்சத்திரம். ஈய-அமில பேட்டரிக்குப் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மாடிப்படிக்குக் கீழே, காற்றோட்டமான இடம் நல்லது. தகரக் கொட்டகை வேண்டவே வேண்டாம். பழைய பேட்டரியோடு புதியதை இணைத்துப் பார்க்காதீர்கள், பழையது புதியதையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும்.

5. சார்ஜ் கன்ட்ரோலரைப் பேனலோடு சேர்த்து வாங்குங்கள். இன்றைய 540 வாட் பேனல் சுமார் 41 வோல்ட்டில் 13 ஆம்பியர் தரும். அதை மலிவான பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலரில் 12 வோல்ட் பேட்டரிக்குக் கொடுத்தால் பேனலின் வோல்ட்டேஜ் பேட்டரி அளவுக்கு இறங்கிவிடும். கிடைப்பது 170 வாட் சொச்சம். மிச்சம் போயே போச்சு. பேனலை அதன் முழுத் திறனில் ஓடவிடும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் வேண்டும். இரண்டு பேனலைத் தொடராகக் கோர்த்தால் லோடு இல்லாதபோது நூறு வோல்ட்டைத் தொடும். நூறு வோல்ட் கன்ட்ரோலர் மார்கழிக் குளிர்க்காலையில் செத்துப்போகலாம்; 150 வோல்ட் வாங்குங்கள்.

எத்தனை பேனல்? நல்ல வெயிலில் ஒரு 540 வாட் பேனல் நாளுக்கு 1,900 வாட்-மணி தரலாம். ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கணக்கு நிற்காது. இரண்டாகப் போடுங்கள்.

6. இன்வெர்ட்டர் பியூர் சைன் வேவ். லித்தியத்துக்கான அமைப்பு அதில் இருக்க வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய இன்வெர்ட்டர் போதும் என்பார்கள், நம்பாதீர்கள்.

7. காசை மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் சுவிட்சும் ஃபியூஸும் கம்பியும். ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டு வருவதால் சுவிட்சுக்குள் பொறி தானே அணையும். டி.சி. அப்படி இல்லை. திறந்த பிறகும் பொறி நீண்டு எரியும். ஆகவே டி.சி.க்கென்றே செய்த எம்.சி.பி., அதில் குறித்த பிளஸ், மைனஸ் பார்த்து மாட்டுங்கள். கடைக்காரர் ‘எல்லாம் ஒன்றுதான் தம்பி’ என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே ஃபியூஸ். 24 வோல்ட், ஆயிரம் வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரம் 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. மின்னல் காப்பும் எர்த்தும் தனிச் செலவென்று நினைக்காதீர்கள். வெயிலில் லோடு ஓடும்போது பேனல் கனெக்டரைப் பிடுங்கவே கூடாது.

8. மாடியில் தெற்கு நோக்கி, பதினோரு பன்னிரண்டு டிகிரி சாய்வு. இரண்டரைச் சதுர மீட்டர் பேனலில் புயல்காற்று எப்படி அடிக்கும் என்று தானே புயலைப் பார்த்தவர்களிடம் கேளுங்கள்: கான்கிரீட்டில் இறக்கிய கால்கள், கால்வனைஸ்டு சட்டம். பலாமர நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி சரியும். மரத்தை வெட்டாதீர்கள், பேனலை நகர்த்துங்கள். சுரங்கத் தூசியும் சாம்பலும் படியும் ஊர் இது. காலையில், கண்ணாடி சூடாகுமுன் கழுவுங்கள்.

9. மாட்டிய முதல் வாரத்தில், முழு லோடு ஒரு மணி நேரம் ஓடிய பிறகு ஒவ்வொரு முனைக்கு அருகிலும் கம்பியின் மேலுறையைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அந்த போல்ட்டை இறுக்குங்கள்.