வரிசையின் கடைசிக் கண்ணி



ஊட்டியிலிருந்து மைசூர் செல்லும் வழியில், மோயாற்றங்கரையில் உள்ள தெப்பக்காட்டை நம்மில் பலர் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளுக்கு யானை காட்டுவதற்காக அங்கே போகிறோம், பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். ஆனால் குடும்பம் நடத்துகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று அங்கே உண்டு. இந்த வாரம் அதையே சிந்திப்போம்.

1. அளவறிந்த அடுக்களை

நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் அந்த யானை முகாமில் ஒரு பெரிய அடுக்களை இருக்கிறது. கேழ்வரகும் கொள்ளும் அரிசியும் அங்கே வேகின்றன. வெல்லம், தேங்காய், உப்பு, தாதுச் சத்து ஆகியவற்றைச் சேர்த்து உருண்டையாகப் பிடித்து, காலையிலும் மாலையிலும் பாகர்கள் யானைகளுக்கு ஊட்டுகிறார்கள். கவனியுங்கள்: எல்லா யானைக்கும் ஒரே அளவு அல்ல. வயதையும் எடையையும் உடல்நிலையையும் பார்த்து, எதற்கு எவ்வளவு என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். மருந்து தேவைப்படும் யானைக்கு அதையும் உருண்டைக்குள் வைத்தே கொடுத்துவிடுகிறார்கள்.

நம் வீட்டிலோ, மாலை ஆறு மணிக்குத் தோட்டத்திலிருந்து களைத்து வந்த பிறகே, "இன்றைக்கு என்ன சமைப்பது?" என்ற கேள்வி பிறக்கிறது. எண்ணெய் இல்லை, பருப்பு தீர்ந்துவிட்டது, கடைக்குப் போகச் சொன்னால் ஒருவர் முணுமுணுக்கிறார், மற்றவர் பாத்திரத்தை ஓசைப்படுத்துகிறார். சண்டை பருப்பினால் வந்ததன்று. முன்யோசனை இல்லாமையால் வந்தது. கானாவூர்க் கலியாணத்தை நினைத்துப் பாருங்கள். இரசம் குறைவுபட்டதைக் கண்டுகொண்டு, வீட்டாருக்குத் தலைகுனிவு வராதபடி பேசியவர் தேவமாதா. குறையைக் காலத்தில் கண்டுகொள்வதும் அன்பின் ஒரு வகையே.

ஆதலால், ஞாயிற்றுக்கிழமை மாலை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே உட்காருங்கள். முதலில் வீட்டில் இருப்பதை எழுதுங்கள்; பிறகு வாங்க வேண்டியதை எழுதுங்கள். சீக்கிரம் வாடும் கீரையும் பீன்ஸும் வாரத் தொடக்கத்தில் தீரட்டும். முட்டைக்கோசும் காரட்டும் நடுவில் வரட்டும். உருளைக்கிழங்கு கடைசி வரை நிற்கும். வாரத்தில் இரண்டு நாள் கேழ்வரகுக் களியோ கூழோ, ஒரு நாள் கொள்ளு, மூன்று நாள் கீரை என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்துக்குப் பயறோ கடலையோ முன்னிரவே ஊறட்டும்.

கேழ்வரகு ஏழையின் உணவு என்று இகழவேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. பாலூட்டும் தாய்க்கும் வளரும் பிள்ளைக்கும் எலும்புக்கு வலுத் தருவது அது.

தேயிலை மலையில் வாழ்கிற நமக்கு இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். சோறு உண்ட கையோடு தேநீர் குடித்தால், கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் சரியாக ஏற்றுக்கொள்ளாது. தேயிலையின் துவர்ப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள். கீரையில் சிறிது எலுமிச்சம்பழம் பிழியுங்கள். அது இரும்புச் சத்து உடலில் சேர உதவும். இரத்தம் குறைந்து, சோர்ந்து, எரிந்து விழும் தாயைக் "கோபக்காரி" என்று சொல்லுமுன், அவள் என்ன சாப்பிட்டாள் என்று கேளுங்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடிச்சட்டியைச் சுரண்டி உண்பவள் அவளே அன்றோ? யானைக்குக்கூட அளவு குறித்து வைத்திருக்கிற மலையில், வீட்டுத் தாயின் பங்கை யார் குறித்து வைக்கிறார்கள்?

2. ஊசியும் நூலும்

மழைக்கால மாலைகளில் கைக்கு நல்ல வேலை குரோஷாப் பின்னல். ஒரு கொக்கி ஊசியும் ஒரு நூல்கண்டும் போதும். இது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணவேண்டாம். 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும் பஞ்சம் வந்தபோது, பெண்கள் பின்னிய குரோஷா லேஸ் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. நம் தமிழ்நாட்டிலும், 1897-ல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூடு வந்த அன்னை மேரி லூயிஸ் தெ மேஸ்தரின் சபைக் கன்னியர், அநாதைப் பெண்களுக்கு லேஸ் வேலை கற்றுத் தந்து, கைத்தொழிலால் வாழ வழி செய்தார்கள்.

தொடங்குகிறவர்களுக்கு மூன்று விதிகள். முதலாவது, அடிச் சங்கிலியைத் தளர்வாகப் போடுங்கள். இறுக்கினால் விளிம்பு சுருங்கிப் பின்னல் முழுதும் கோணும். இரண்டாவது, தவறு கண்டால் பிரிக்க அஞ்சாதீர்கள். குரோஷாவில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில் நிற்கும்; நூலை மெல்ல இழுத்தால் தவறு நேர்ந்த இடம் வரை பிரித்துவிட்டு, அங்கிருந்து மீண்டும் பின்னலாம். மூன்றாவது, ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் கண்ணிகளை எண்ணுங்கள். புதிதாகக் கற்கிறவர்கள் வரிசையின் கடைசிக் கண்ணியைக் காணாமல் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஒரு வரிசையில் அது தெரியாது. பத்து வரிசை போன பிறகு விரித்துப் பார்த்தால், சதுரமாக வர வேண்டியது முக்கோணமாக நிற்கும்!

3. இருவர் சுமக்கும் பாரம்

மெய்விவாகத்தில் இணைந்த நமக்கும் இந்த விதிகளே பொருந்தும். இறுக்கிப் பிடித்தால் சுருங்கும். தவறு நேர்ந்தால் அந்த இடத்துக்குத் திரும்பிப் போய், "நான் செய்தது தவறு" என்று சொல்லித் தொடங்கலாம். எல்லாவற்றையும் விட, நாளின் கடைசிக் கண்ணி முக்கியம். படுக்குமுன் ஒரு வார்த்தை, ஒரு விசாரிப்பு. அதைத்தான் களைப்பில் விட்டுவிடுகிறோம். ஒரு நாள் விட்டதில் நஷ்டம் தெரியாது. பத்து ஆண்டுக்குப் பின் ஒரே கூரையின் கீழ் இரண்டு அந்நியர் இருப்பார்கள்.

தெப்பக்காட்டிலேயே இதற்கு எதிரான நல்ல சாட்சி உண்டு. பொம்மன், பெள்ளி தம்பதியரை உலகம் அறியும். தாயை இழந்த ரகு என்ற யானைக்குட்டி 2017-ல் அவர்கள் கைக்கு வந்தது. பெள்ளி, கணவரையும் மகளையும் பறிகொடுத்து நின்றவர். புட்டிப் பால் கொடுப்பதும், குளிப்பாட்டுவதும், இரவில் விழித்திருப்பதுமாக ஒரே பாரத்தை இருவரும் சுமந்தார்கள். அந்தக் காலத்திலேயே மணமும் புரிந்துகொண்டார்கள். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2023-ல் ஆஸ்கார் விருது பெற்றது. ஆனால் விருதை விட முக்கியமானது ஒன்று அப்படத்தில் உண்டு: வளர்ந்த ரகுவை வேறு பாகரிடம் ஒப்படைக்க வேண்டி வந்தது. பெற்ற பிள்ளையைப் பிரிவது போல இருவரும் கலங்கினார்கள். கலங்கியபோது ஒருவருக்கொருவர் துணையாக இருந்தார்கள்.

பெற்றோரே, நம் பிள்ளைகளும் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் போய்விடுவார்கள், போகவும் வேண்டும். அன்று வீட்டில் மிஞ்சப்போவது நீங்கள் இருவர்தான். அன்றைக்குப் பேச ஏதாவது இருக்க வேண்டுமானால், இன்றைக்கே பேசிப் பழகுங்கள்.

இவ்வாரப் பயிற்சி

1. ஞாயிறு மாலை இருவரும் சேர்ந்து ஏழு நாள் உணவுப் பட்டியல் எழுதுங்கள். ஒரு வேளைச் சமையலைக் கணவர் ஏற்றுக்கொள்ளட்டும்.

2. ஒரு நாளாவது தாய் முதலில் உண்ணட்டும், மற்றவர்கள் பரிமாறட்டும்.

3. விளக்கணைக்குமுன் ஒருவரையொருவர் கேளுங்கள்: "இன்று உனக்கு எது பாரமாக இருந்தது?" விடையைக் கேட்டுத் திருத்த முந்தாதீர்கள், கேட்டாலே போதும்.

குடும்ப ஜெபம் முடிந்தவுடன் இந்தக் கேள்வியைக் கேட்பது எளிது. அந்தக் கடைசிக் கண்ணியை இன்றிரவே போட்டுவிடுங்கள்.