சமோவாத் தீவுகளில் செவிநலம்

பசிபிக் மாகடலில், ஹவாய்த் தீவுகளுக்கும் நியூசிலாந்துக்கும் ஏறக்குறைய நடுவழியில் உள்ளது சமோவா. 1962இல் விடுதலை பெற்ற இந்நாட்டின் மக்கள் தொகை, 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இரண்டு இலட்சத்தைச் சிறிதே தாண்டும். மக்கள் வாழும் தீவுகள் நான்கு. அவற்றுள் உபோலு, சவாயி என்ற இரண்டே பெரியவை. தலைநகர் ஆபியாவும் தலைமை மருத்துவமனையும் உபோலுவில் உள்ளன. இத்தகைய சிறு நாட்டில் ஒரு குழந்தையின் காதைக் காப்பது எவ்வாறு என்பதே இங்கு நான் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் காதின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். ஒலி செவிப்பறையை அதிரச் செய்கிறது. அவ்வதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் உட்செவிக்குக் கொண்டு சேர்க்கின்றன. நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் குழல் குழந்தைகளுக்குக் குட்டையானது, சாய்வும் குறைவு. ஆதலால் சளி பிடித்தால் கிருமிகள் எளிதில் நடுச்செவியை அடைகின்றன. சீழ் கட்டுகிறது, செவிப்பறை துளைபடுகிறது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டால் கேட்கும் திறன் குறையும். காது மந்தமான குழந்தைக்குப் பேச்சு தாமதமாகும். பள்ளியில் அது அறிவு மந்தம் என்று பெயரெடுக்கும். குழந்தைகளின் செவிக்குறையில் நூற்றுக்கு அறுபது தடுக்கத்தக்க காரணங்களால் வருவதென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

காதுக்கு முதற்காவல் தடுப்பூசி. தட்டம்மை கண்ட குழந்தைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்கு நடுச்செவி அழற்சி வருகிறது. கருவுற்ற தாய்க்கு ரூபெல்லா வந்தால் பிறக்கும் குழந்தை செவிடாகலாம். சமோவாவில் 2018 ஜூலையில், ஊசி மருந்தைத் தவறாகக் கலந்ததால் இரு குழந்தைகள் இறந்தன. தடுப்பூசிப் பணி பல மாதங்கள் நின்றது. மக்களின் நம்பிக்கையும் தளர்ந்தது. 2019இன் இறுதியில் தட்டம்மை பரவி, 5,700க்கு மேற்பட்டோர் நோயுற்றனர்; 83 பேர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். மாண்டவரின் எண்ணிக்கையை உலகம் அறிந்தது. பிழைத்தவரின் காதுகளையும் நாம் நினைக்க வேண்டாமா?

அடுத்தது மருத்துவத்தின் தொலைவு. சவாயித் தீவில் வாழும் தாய், குழந்தையுடன் சலேலோலொங்காவில் கப்பலேறி, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கடல் கடந்து, முலிஃபனுவாவில் இறங்கி, அங்கிருந்து சாலை வழியாக ஆபியா செல்ல வேண்டும். சீழ் வடியும் காதுக்கு ஒருமுறை சென்றால் போதாது. பலமுறை பார்த்துத் துடைத்து உலர்த்தி மருந்திட வேண்டும்.

செவிக்கருவியின் நிலையும் அதுவே. கருவியைக் கொடுத்த அன்றே வேலை முடிந்துவிடுவதில்லை. காற்றை ஏற்று இயங்கும் துத்தநாக மின்கலம் ஓரிரு வாரங்களில் தீர்ந்துபோகும். கடற்காற்றின் ஈரம் கருவியைக் கெடுக்கும். குழந்தை வளர வளரக் காதச்சையும் புதிதாக வார்க்க வேண்டும். இவற்றைக் கவனிக்க அருகில் ஆளில்லாவிடில் கருவி பெட்டிக்குள் உறங்கும்.

ஆகவே கருவியைவிட முதன்மையானவர், ஊரிலேயே இருக்கும் மனிதர் என்பது என் முடிவு. சமோவாவின் சிற்றூர்களில் 1920களிலேயே மகளிர் குழுக்கள் தோன்றி, ஊர்த் தூய்மையையும் குழந்தை நலத்தையும் பேணின. அத்தகையோருக்கும் ஊர்ச் செவிலியருக்கும் காதை விளக்கிட்டுப் பார்க்கவும், சீழைத் துடைக்கவும், மின்கலம் மாற்றவும், எந்தக் குழந்தையை ஆபியாவுக்கு அனுப்ப வேண்டும் என்று தேரவும் பயிற்சி தரலாம். நிபுணர் ஆபியாவிலிருந்தபடியே அவர்களுக்கு வழிகாட்டலாம். அப்பொழுது கப்பலேறும் தாயரின் எண்ணிக்கை குறையும். ஏறுபவரும் காலத்தோடு ஏறுவர்.

உலகில் 43 கோடிப் பேருக்குச் செவிக்குறைக்கான உதவி தேவைப்படுகிறது. அறிவியல் பயிலும் நண்பர்களே, நுட்பமான கருவிகளைப் படைக்க நாம் விரும்புவது இயல்பே. அதனுடன் ஒரு வினாவையும் சேர்த்துக் கொள்வோம்: கருவி பழுதுபட்டால் அந்தத் தாய் யாரிடம் செல்வாள்?