"சும்மா அட்மின்தான்" – இந்த ஒரு வார்த்தையால நீங்க எவ்வளவு பணத்தை விடறீங்க?

கல்யாண வீட்டுல பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்துல உட்கார்ந்த பெரியப்பா கேட்பாரு, "என்னம்மா, எங்க வேலை பண்றே?" ஐ.டி.ல இருக்கற தம்பி கம்பெனி பேரைச் சொல்லி நிமிர்ந்து உட்காருவான். பத்து வருஷமா ஒரே ஆபீஸ்ல அட்மின் அசிஸ்டென்டா இருக்கற அக்கா, "சும்மா அட்மின்தான் பெரியப்பா"ன்னு சொல்லிட்டு பேச்சை மாத்திடுவாங்க.

அந்த "சும்மா"வுக்கு ஒரு விலை இருக்கு. தன் வேலையைத் தானே சும்மான்னு நினைக்கறவங்க இன்கிரிமென்ட் பேச மாட்டாங்க. பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பார்க்க மாட்டாங்க. "எப்படியும் சின்னச் சம்பளம்தானே"ன்னு அவசரத்துக்கு பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவு பண்ணிடுவாங்க. அதனால இன்னிக்கு பெருமை, பணம் ரெண்டையும் சேர்த்தே பேசலாம்.

நம்ம செங்கல்பட்டுப் பக்கம் இந்த வேலை எவ்வளவு இருக்குன்னு ஒரு சுத்து பாருங்க. 2019 நவம்பர்ல காஞ்சிபுரத்துல இருந்து தனி மாவட்டமா பிரிஞ்ச பிறகு கலெக்டர் ஆபீஸ்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு துறைக்கும் மாவட்ட அலுவலகம் இங்கேயே வந்தது. மறைமலை நகர் தொழிற்சாலைகள், மகிந்திரா வேர்ல்ட் சிட்டி, காட்டாங்குளத்தூர் காலேஜ்கள், சிறுசேரி ஐ.டி. பார்க், கல்பாக்கம் அணுசக்தி வளாகம், ஈ.சி.ஆர். ரிசார்ட்டுகள். எங்க போனாலும் ஃபைல், பில், பயண ஏற்பாடு, மீட்டிங் குறிப்பு, லைசென்ஸ் புதுப்பிப்பு பார்க்க ஒருத்தர் இருந்தாகணும்.

2022ல மாமல்லபுரத்துல நடந்த செஸ் ஒலிம்பியாட் ஞாபகம் இருக்கா? ரஷ்யாவுல நடக்க வேண்டியது, உக்ரைன் போரால கைமாறி மார்ச் மாசம் நமக்குக் கிடைச்சது. ஜூலை 28ல தொடக்க விழா. நடுவுல கிடைச்சது நாலு மாசம் சொச்சம். 180க்கும் மேற்பட்ட நாடுகள்ல இருந்து ஆட்கள் வந்தாங்க. குகேஷ் அங்க தனிநபர் தங்கம் வாங்கினது எல்லாருக்கும் தெரியும். ஆனா இவ்வளவு பேருக்கு விசா கடிதம், ரூம் பட்டியல், ஏர்போர்ட் வண்டி, சாப்பாட்டுக் கணக்கு, அடையாள அட்டை எல்லாம் தானா நடந்துடுமா? ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி எக்செல் ஷீட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு ராத்திரி பத்து மணிக்கு போன் பேசின ஒரு உதவியாளர் இருந்திருப்பார்.

இது இன்னிக்கு நேத்து வந்த வேலையும் இல்ல. செங்கல்பட்டுல இருந்து மேற்கே போனா உத்திரமேரூர். அங்க இருக்கற முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகளை, கி.பி. 919, 921ம் ஆண்டுகளைச் சேர்ந்தது, குடவோலைத் தேர்தலுக்காக நாம ஸ்கூல்ல படிச்சோம். அதுல "மத்தியஸ்தன்"னு ஒரு ஊழியர் வருவார். குடத்துல இருந்து எடுக்கற ஓலையை அவர் அஞ்சு விரலையும் விரிச்ச உள்ளங்கையில வாங்கித்தான் சபைக்குப் படிக்கணும். கை மறைச்சு ஓலையை மாத்திடக் கூடாதுங்கற ஏற்பாடு அது. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவங்க மறுபடி நிக்க முடியாது, அவங்க சொந்தக்காரங்களும் நிக்க முடியாது. கல்வெட்டு முடியற இடத்துல, சபையார் பணிக்க இதை எழுதினேன்னு அந்த மத்தியஸ்தன் தன் பேரையும் சேர்த்து வெட்ட வெச்சிருக்கார்: காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்லமங்கலப்பிரியன். சபைத் தீர்மானத்தை எழுதின ஊழியர் பேர் ஆயிரத்து நூறு வருஷமா கல்லுல நிக்குது. நாம என்னடான்னா மீட்டிங் மினிட்ஸ் கீழ நம்ம பேரைப் போடவே கூச்சப்படறோம்.

சரி, இப்ப கணக்குக்கு வருவோம். பேப்பர் பேனா எடுத்துக்கோங்க.

நீண்ட காலம் இருந்தா என்ன சேருது?

உங்க பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்த்து 15,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். அதுல 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் உங்ககிட்ட பிடிக்கறாங்க. கம்பெனியும் 1,800 போடுது. ஆனா கம்பெனி போடறதுல 1,250 ரூபாய் பென்ஷன் கணக்குக்கு, அதாவது இ.பி.எஸ்.க்கு போயிடும். மீதி 550தான் பி.எஃப்.ல சேரும். ஆக மாசம் 2,350 ரூபாய் உங்க பி.எஃப். கணக்குல விழுது.

2024-25க்கான வட்டி 8.25 சதவீதம். சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறலைன்னே வெச்சு, இதே வட்டியில ஓட விட்டா 10 வருஷத்துல சுமார் 4.3 லட்சம். 25 வருஷத்துல சுமார் 22 லட்சம். 25 வருஷத்துல உள்ள போட்ட மொத்தப் பணம் 7 லட்சம் சொச்சம்தான். மிச்சம் முழுக்க வட்டி, வட்டிக்கு வட்டி.

இப்ப அஞ்சாவது வருஷம் பைக் வாங்கணும்னு இருக்கறதை எல்லாம் எடுத்துட்டீங்க. அப்ப கணக்குல இருந்தது ஒண்ணேமுக்கால் லட்சம்தான். பெருசாத் தெரியாது. அதே பணம் தொடாம இன்னும் 20 வருஷம் இருந்திருந்தா சுமார் 8.4 லட்சம் ஆகியிருக்கும். அஞ்சு வருஷ சேவை முடியறதுக்கு முன்னாடியே எடுத்தா வரி வேற.

இதுல பலரும் குழப்பிக்கற ஒரு விஷயம் இருக்கு. பி.எஃப்., பென்ஷன் ரெண்டும் கம்பெனி மாறினாலும் தொடரும். யு.ஏ.என். ஒண்ணா இருந்து, பழைய கணக்கைப் புதுசுக்கு மாத்திட்டா சேவை வருஷம் கூடிக்கிட்டே போகும். பென்ஷன் வாங்க மொத்தம் 10 வருஷ சேவை வேணும். கணக்கு இதுதான்: பென்ஷனுக்கான சம்பளத்தை சேவை வருஷத்தால பெருக்கி 70ஆல வகுக்கணும். அதிகபட்சச் சம்பளமா 15,000தான் எடுப்பாங்க. 25 வருஷ சேவையோட 58 வயசுல ஓய்வு பெற்றா, 20 வருஷம் தாண்டினதுக்கு 2 வருஷம் போனஸா சேர்த்து, 15,000 பெருக்கல் 27 வகுத்தல் 70. மாசம் சுமார் 5,785 ரூபாய். இதை மட்டும் நம்பி உட்கார முடியாது. ஆனா 9 வருஷத்துல கணக்கை மூடிட்டுப் போறவங்களுக்கு இந்த மாசப் பென்ஷனும் கிடையாது.

கிராஜுவிட்டி அப்படி இல்ல. அது கம்பெனி மாறினா மறுபடி ஜீரோவுல இருந்து ஆரம்பிக்கும். பொதுவா ஒரே இடத்துல 5 வருஷம் ஆகணும். கடைசியா வாங்கின பேசிக், பஞ்சப்படியை 26ஆல வகுத்து, 15ஆல பெருக்கி, வருஷத்தால பெருக்கணும். 15,000க்கு 5 வருஷம் முடிச்சா 43,269 ரூபாய். 25 வருஷம் ஒரே இடத்துல இருந்து கடைசிச் சம்பளம் 32,000ன்னா 4,61,538 ரூபாய். கவனிங்க, பழைய வருஷங்களுக்கும் கடைசிச் சம்பளத்துலதான் கணக்கு. முதல் வருஷம் 9,000 வாங்கினீங்களா 10,000 வாங்கினீங்களான்னு யாரும் பார்க்கப் போறதில்ல. நீண்ட காலம் இருக்கறவங்களுக்கு சட்டம் கொடுக்கற உண்மையான சலுகை இதுதான்.

2025 நவம்பர் 21ல சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்த பிறகு, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்துல நேரடியா வேலைக்கு எடுக்கப்பட்டவங்களுக்கு ஒரு வருஷ சேவையிலேயே கிராஜுவிட்டி உண்டு. அதோட, படிகள் மொத்தச் சம்பளத்துல பாதியைத் தாண்டினா, தாண்டின தொகையும் சம்பளக் கணக்குல சேரும். பேசிக்கைச் சின்னதா வெச்சு மத்ததை எல்லாம் அலவன்ஸா காட்டற கம்பெனியில இருக்கீங்கன்னா, சம்பளச் சீட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்க.

அப்ப இங்கேயே உட்கார்ந்துடலாமா?

இல்ல. இங்கதான் நான் கொஞ்சம் கறாரா பேசப் போறேன்.

கிராஜுவிட்டியோட மதிப்பு வருஷத்துக்கு உங்க பேசிக்ல 4.81 சதவீதம். அவ்வளவுதான். இன்னொரு கம்பெனி உண்மையாவே மாசம் 4,000 ரூபாய் கூடத் தருதுன்னா, ஒரே வருஷத்துல 48,000. மேல சொன்ன அஞ்சு வருஷ கிராஜுவிட்டியை அது தாண்டிடுச்சு. கிராஜுவிட்டிக்காக மட்டும் பிடிக்காத இடத்துல பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்காதீங்க. நாலு வருஷம் முடிஞ்சு அஞ்சாவது வருஷம் ஓடிக்கிட்டு இருந்தா மட்டும் சேரும் தேதியைத் தள்ளிப் பேசிப் பாருங்க. அஞ்சாவது வருஷத்துல 240 நாள் முடிச்சாலே போதும்னு சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கு. ஆனா அதைக் காட்டி கம்பெனியோட சண்டை போடறதை விட நாலு மாசம் பொறுத்துக்கறது சுலபம்.

கம்பெனிக்கு நாம விசுவாசமா இருந்தாலும் கம்பெனி இருக்கணுமே. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையை இந்தப் பக்கத்துல யாரும் மறந்திருக்க மாட்டாங்க. 2021 செப்டம்பர்ல அறிவிப்பு வந்தது. அடுத்த வருஷம் உற்பத்தி நின்னது. அங்க பல வருஷம் இருந்தவங்க யாரும் வேலை தெரியாம வெளிய வரல. அதனால ஆறு மாசச் செலவுக்கான பணம் தனியா பேங்க்ல இருக்கணும். அட்மின் வேலையில வேற இடம் கிடைக்க நேரம் எடுக்கும், ஐ.டி. மாதிரி வாரத்துக்கு நாலு இன்டர்வியூ வராது.

இன்னொண்ணு, நீங்க யாரோட சம்பளப் பட்டியல்ல இருக்கீங்க? இந்தப் பக்கம் நிறைய அட்மின் ஆட்கள் உட்கார்றது பெரிய கம்பெனியில, சம்பளம் போடறது ஒரு மேன்பவர் ஏஜென்சி. ஏஜென்சி மாறும்போது "அதே சீட், அதே வேலைதானே"ன்னு விட்டுடறாங்க. பத்து வருஷம் அதே நாற்காலியில இருந்தாலும் பேப்பர்ல மூணு கம்பெனி ஆகியிருக்கும். உமங் ஆப்ல மாசம் ஒரு தடவை பி.எஃப். விழுந்திருக்கான்னு பாருங்க. ஏஜென்சி மாறின அன்னிக்கே பழைய சேவைக்கான பணத்தை யார் தருவாங்கன்னு எழுத்துல கேளுங்க.

அரசு வழியும் இருக்கு. குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளரா சேர்ந்தா ஆரம்ப அடிப்படை ஊதியம் 19,500, மேல படிகள். வருவாய்த் துறையில அதே இளநிலை உதவியாளர் படிப்படியா தாசில்தார் நாற்காலி வரைக்கும் போகலாம். தமிழ், இங்கிலீஷ் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணி வெச்சா தட்டச்சர் இடத்துக்கும் தகுதி வரும். எத்தனை வயசு வரைக்கும் எழுதலாம்னு உங்க பிரிவுக்குப் பார்த்துக்கோங்க.

இன்கிரிமென்ட் பேசறதுக்கு முன்னாடி

அட்மின் வேலையோட சிக்கல் என்னன்னா, நல்லா செஞ்சா கண்ணுக்கே தெரியாது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ நம்ம மாவட்டமும் லீவு. அந்த வாரம் ஜெனரேட்டருக்கு டீசல் யார் ஏற்பாடு பண்ணினாங்க? யாரோட சம்பள ஃபைல் தேதி தவறாம பேங்குக்குப் போச்சு? செஞ்சவங்களுக்கே இன்னிக்கு ஞாபகம் இருக்காது. அப்புறம் மேனேஜருக்கு எப்படி இருக்கும்?

ஒரு 100 பக்க நோட்டு வாங்குங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு நிமிஷம் போதும். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் பேசி எவ்வளவு குறைச்சீங்க, எந்த வெண்டர் பில்லுல ரெண்டு தடவை வந்த தொகையைப் பிடிச்சீங்க, எந்த லைசென்ஸை அபராதம் இல்லாம புதுப்பிச்சீங்க, புதுசா வந்த எத்தனை பேருக்கு வேலை கத்துக் கொடுத்தீங்க. எல்லாத்தையும் தேதி, ரூபாயோட எழுதுங்க. மார்ச்ல உட்கார்ந்து பேசும்போது, "சார், நான் பத்து வருஷமா இருக்கேன்"னு ஆரம்பிக்காதீங்க. "இந்த வருஷம் என் கை வழியா மிச்சமான பணம் இவ்வளவு"ன்னு ஆரம்பிங்க. பத்து வருஷம் இருக்கறதால என்ன பலன்? எந்த வெண்டர் எப்ப ஏமாத்துவான், எந்த ஆபீஸ்ல எந்த ஃபார்ம் திரும்பி வரும்னு புதுசா வர்ற ஆளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதுக்குத்தான் சம்பளம் கேட்கறீங்க. பல்லவர் காலத்துக் கல்தச்சன் மாதிரி கையிலேயே பழகின அறிவு அது, சான்றிதழ் கிடையாது.

சம்பளம் மாசம் 21,000 தாண்டினா இ.எஸ்.ஐ. போயிடும்ங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. தாண்டறதுக்கு முன்னாடியே குடும்பத்துக்கு ஒரு ஹெல்த் பாலிசி பார்த்து வெச்சுடுங்க.

கடைசியா ஒண்ணு. ஆபீஸ்ல எல்லாரோட நாமினேஷன் ஃபார்மையும் துரத்தித் துரத்தி வாங்கறது நீங்கதான். உங்களோடது கல்யாணத்துக்கு முன்னாடி போட்டதா இருக்கும். கல்யாணம் ஆனா பி.எஃப்., கிராஜுவிட்டி ரெண்டுக்கும் புதுசா போடணும். வேலையில இருக்கும்போது உயிருக்கு ஏதாவது ஆனா, பி.எஃப்.போட இருக்கற இன்ஷூரன்ஸ்ல இருந்து குடும்பத்துக்கு 7 லட்சம் வரைக்கும் வரும், அதுவும் அந்த நாமினேஷன் வழியாத்தான் போகும். பி.எஃப்.க்கு ஆன்லைன்லயே போட்டுடலாம், ஆதார் ஓ.டி.பி. வந்தா போதும். கிராஜுவிட்டிக்கு கம்பெனியில பேப்பர் ஃபார்ம் கொடுத்து, வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்து போட்ட ஒரு காப்பியை வீட்டு பீரோவுல வெச்சுடுங்க. திங்கட்கிழமை காலையில, மத்தவங்க ஃபைலைத் திறக்கறதுக்கு முன்னாடி.