கத்திரி வெயிலில் கறவை மாடு: கடலோரக் கொட்டிலில் ஒரு நாள் வேலை

சித்திரை மாதம் பாதி கடந்துவிட்டால் மாடு வைத்திருப்போருக்குக் கவலை பிறந்துவிடும். அக்கினி நட்சத்திரம் முடிவதற்குள், எட்டு லிட்டர் கறந்த பசு ஐந்து லிட்டருக்கு இறங்கிவிடுவது உண்டு. பால் குறைவது கண்ணுக்குத் தெரிகிற நட்டம். சினை பிடிக்காமல் போவது கண்ணுக்குத் தெரியாத நட்டம். இரண்டையும் பெருமளவு தடுக்க முடியும். அதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. அன்றாட வேலைகளை நேரம் பார்த்து மாற்றி அமைத்துக்கொண்டாலே போதும்.

1824ல் தொடங்கப்பட்ட ஓசூர் கால்நடைப் பண்ணை போல மேய்ச்சல் நிலம் பரந்து கிடக்கும் இடங்களில் மாடு தானே நிழல் தேடிக்கொள்ளும். எண்ணூர், திருவொற்றியூர், மணலி, மாதவரம் பகுதிகளில் நிலைமை அப்படி அல்ல. ஆலைச் சுவருக்கும் ரயில் பாதைக்கும் இடையே சிறு கொட்டில், மேய்ச்சல் நிலம் இல்லை, தண்ணீரில் உப்பு. இங்கே மாட்டின் சுகம் முழுவதும் வளர்ப்பவர் கையில்தான் இருக்கிறது. இரண்டு கலப்பினப் பசுவும் ஓர் எருமையும் உள்ள குடும்பத்தை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய ஒரு நாள் வேலை எப்படி அமைய வேண்டும் என்று பார்ப்போம். மற்ற ஊர் விவசாயிகளுக்கும் இது பொருந்தும்.

விடியற்காலை 4 மணி

நாளின் மிகக் குளிர்ச்சியான நேரம் இதுவே. கறவைக்கு முன் ஐந்து நிமிடம் விளக்கைப் பிடித்து ஒவ்வொரு மாட்டையும் பின்புறம் பார்க்க வேண்டும். கோடையில் பருவ அறிகுறிகள் மங்கலாகவே தெரியும். எருமையில் அது ஊமைப் பருவமாகவே கழிந்துவிடும். பகலில் கத்தாத மாடு இரவிலும் விடியலிலும்தான் அடையாளம் காட்டும். படுத்த இடத்தில் கண்ணாடி போன்ற வழும்பு கிடக்கிறதா, வாலில் ஒட்டியிருக்கிறதா, அடிக்கடி சிறுநீர் விடுகிறதா என்று கவனிக்கவும். காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலையும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையும் சினை ஊசி போடுவது முறை. ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அடுத்தது வர 21 நாள் ஆகும். அந்த 21 நாள் தீவனச் செலவும் வீண்.

கறவை முடிந்ததும் அடர்தீவனத்தில் பாதியை வைக்கவும். எட்டு லிட்டர் கறக்கும் பசுவுக்கு உடல் பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோ, பாலுக்கு இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் மூன்று கிலோவுக்குச் சற்று மேல், ஆக நாளொன்றுக்கு நாலரை முதல் ஐந்து கிலோ தேவை. பருப்பு ஆலைகளில் கிடைக்கும் துவரம்பொட்டு, உளுந்தம்பொட்டு இவற்றைத் தவிடு, பிண்ணாக்குடன் கலந்து கொடுக்கலாம். தாது உப்புக் கலவை நாளைக்கு 50 கிராம் சேர்க்கத் தவறக்கூடாது.

காலை 8 மணி

வெயில் ஏறுமுன் சாணம் வாரி, தரையைக் கழுவி, தொட்டியைத் தேய்த்துப் புதுத் தண்ணீர் நிரப்பவும். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். தண்ணீர் குறைந்தால் அன்றே பால் குறையும். கோடையில் கறவைப் பசு ஒன்று 80 லிட்டருக்கும் மேல் குடிக்கும். காலை, மாலை என்று இரு வேளை காட்டுவது போதாது. எப்போதும் எட்டும்படி, நிழலில் தொட்டி இருக்க வேண்டும். வெயிலில் கொதித்த தண்ணீரை மாடு முகர்ந்துவிட்டு ஒதுங்கிவிடும்.

இப்பகுதிக்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல் நீர் புகுந்துள்ளது நீண்ட காலமாக அறிந்ததே. கிணற்று நீரை ஒருமுறையாவது பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்க்கவும். கரைந்த உப்பு லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் வரை இருந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. 5,000ஐத் தாண்டினால் சினை மாட்டுக்கும் கறவை மாட்டுக்கும் ஆகாது. 7,000க்கு மேல் எந்த மாட்டுக்கும் கூடாது. அத்தகைய நீரைத் தரை கழுவ வைத்துக்கொண்டு, லாரித் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் குடிக்க ஒதுக்குங்கள். நீரில் உப்பு அதிகமானால் தீவனத்தில் சேர்க்கும் சாப்பாட்டு உப்பைக் குறைக்க வேண்டும்.

எண்ணூர்க் கழிமுகத்தில் மாட்டை இறக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியது அந்த நீரில்தான். கொசஸ்தலையாற்றின் கடைப்பகுதியில் அனல் மின் நிலையச் சாம்பலும் கலந்திருக்கிறது. எருமைக்கு ஊறல் வேண்டுமானால் கொட்டிலிலேயே மூன்று வேளை தண்ணீர் ஊற்றுவது நல்லது.

முற்பகல் 11 மணி: காற்றைப் பாருங்கள்

சென்னைக் கடற்கரையில் கோடை வெப்பத்தின் திறவுகோல் காற்றில் இருக்கிறது. முற்பகலில் மேற்கிலிருந்து தரைக்காற்று அனலாக வீசும். அது வறண்ட காற்று. கடற்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டியோ சற்றுப் பின்னரோ கிழக்கிலிருந்து புறப்படும். அது தாமதமாகும் நாள்தான் கொடிய நாள்.

எனவே முற்பகலில் கொட்டிலின் மேற்குப் பக்கம் ஈரச் சாக்கைத் தொங்கவிடவும். வறண்ட காற்று ஈரத்தின் வழியே வருகையில் குளிர்ந்துவிடும். கடற்காற்று புறப்பட்டதும் சாக்கைச் சுருட்டிவிட்டுக் கிழக்கையும் மேற்கையும் திறந்துவிட வேண்டும். கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் ஈரச் சாக்கு அப்போது பயன் தராது. காற்றை மறிக்கத்தான் செய்யும். பலர் நாள் முழுவதும் சாக்கை மூடியே வைத்துக் கொட்டிலைப் புழுக்க அறையாக்கிவிடுகிறார்கள். மாட்டின் மேல் தண்ணீர் ஊற்றும்போதும் இதே கணக்குத்தான். ஊற்றிய நீர் காற்றில் உலர வேண்டும். உலரும்போதுதான் உடல் சூடு இறங்கும். காற்றோட்டம் இல்லாத இடத்தில் ஊற்றினால் புழுக்கம் கூடும்.

ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரைக்கு மேற்புறம் சுண்ணாம்பு அடித்து, அதன் மேல் தென்னங்கீற்று பரப்பினால் உள்ளே அனல் குறையும். தீப்பொறி பறக்கும் பட்டறை அருகே இருந்தால் கீற்றை நனைத்தே வைக்கவும்.

பிற்பகல் 2 மணி: மூச்சை எண்ணுங்கள்

இது கடிகாரம் மட்டுமே தேவைப்படும் சோதனை. மாட்டின் விலாவைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணவும். சாதாரணமாக 20 முதல் 30 இருக்கும். 60ஐத் தாண்டினால் வெயில் தாக்கத் தொடங்கிவிட்டது. 80ஐத் தாண்டி, வாயைத் திறந்து நாக்கை நீட்டி எச்சில் வடித்தால் ஆபத்து. உடல் வெப்பம் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் இருக்க வேண்டியது, 105ஐயும் கடக்கலாம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய்த் தலையிலும் உடலிலும் தண்ணீர் ஊற்றி விசிறவும். குடிநீரைச் சிறிது சிறிதாகக் காட்டவும். தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்கவும். எருமையின் கறுப்புத் தோல் வெயிலை உறிஞ்சும். அதற்கு வியர்வைச் சுரப்பியும் குறைவு. ஆகவே முதலில் எருமையைப் பாருங்கள்.

மாலை 4 மணி

இரண்டாம் கறவையும் மீதி அடர்தீவனமும் இப்போது. நகர்ப்புறத்தில் ஒரு பெரிய சோதனை, கல்யாண மண்டபத்தில் மிஞ்சும் சோறு. செலவில்லாமல் கிடைக்கிறதே என்று ஓர் அண்டாச் சோற்றையும் மாட்டின் முன் வைத்தால், அது வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகும். மாடு அசை போடாது, புளித்த வாடையுடன் தண்ணீராகக் கழியும், தள்ளாடிப் படுத்துவிடும். நல்ல கறவை மாடே ஓரிரு நாளில் மாண்டுபோகலாம். பழகாத மாட்டுக்குச் சோறு வேண்டவே வேண்டாம். பழகிய மாட்டுக்கும் வேளைக்கு அரைக் கிலோவைத் தாண்டாமல் வைக்கோலுடன் கலந்தே வைக்கவும். மார்க்கெட் தழைகளில் பிளாஸ்டிக் பையும் கம்பியும் கிடக்கும். உதறிப் பொறுக்கிய பிறகே தொட்டியில் போடுங்கள்.

வெளியூரிலிருந்து சோளத்தட்டை வாங்குவோர், பூக்காத இளம் பயிரையும் வாடிய பயிரையும் தவிர்க்கவும். கோடையில் தண்ணீரின்றி வாடிய சோளத்தில் நச்சு ஏறியிருக்கும்.

இரவு 8 மணி

வைக்கோலையும் பசுந்தீவனத்தையும் பெரும்பகுதி இரவில் வையுங்கள். நார்த்தீவனம் செரிக்கும்போது வயிற்றில் சூடு பிறக்கும். பகலில் கொடுத்தால் வெளிச் சூட்டோடு உட்சூடும் சேர்ந்துவிடும். இரவில் கொடுத்தால் குளிர்ச்சியில் அது கழிந்துபோகும். இந்த ஒரு மாற்றத்துக்குக் காசு செலவில்லை.

காற்றுக்காக மாட்டை இரவில் தெருவில் அவிழ்த்துவிடும் வழக்கம் கூடாது. 2024 ஜூனில் திருவொற்றியூரில் தெருவில் திரிந்த எருமை முட்டி ஒரு பெண் படுகாயம் அடைந்தார். மாநகராட்சி மாட்டைப் பிடித்து அபராதமும் விதிக்கிறது. கொட்டிலுக்குள்ளேயே காற்று வர வழி செய்வதுதான் பாதுகாப்பு.

நினைவில் கொள்ள

விடியலில் பருவம் பார்க்கவும். தொட்டியில் எப்போதும் நல்ல நீர் இருக்கட்டும். முற்பகலில் ஈரச் சாக்கு, கடற்காற்று வந்ததும் திறந்த கொட்டில். பிற்பகலில் மூச்சு எண்ணிக்கை. நார்த்தீவனம் இரவில். கோமாரி, தோல் கழலை நோய்த் தடுப்பூசிகளைக் கோடை உச்சியில் போட நேர்ந்தால் அதிகாலையில் போட்டுக்கொள்ளவும். ஐயம் இருந்தால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகவும். மாதவரம் பால் காலனியில் 1989ல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இவ்வட்டாரத்தாருக்குக் கூப்பிடு தூரம்தான்.

கத்திரி முடியும்போது மாடு இளைக்காமல் சினையோடு நின்றால், மாசி, பங்குனியில் கொட்டிலில் கன்று கத்தும். வரும் வருடத்துப் பால், இந்த 25 நாள் கவனத்தில்தான் இருக்கிறது.