கைக்கணக்கும் கணிப்பொறியும்: கோலார் தங்கவயல் புகட்டும் பாடம்

மின்னணுக் கணிப்பொறி எங்கும் பரவியுள்ள இக்காலத்தில், வாய்பாட்டை மனப்பாடம் செய்வதும் தாளில் நீண்ட வகுத்தல் கணக்குகளைப் போடுவதும் தேவைதானா என்னும் வினா பெற்றோரிடையேயும் ஆசிரியரிடையேயும் எழுந்துள்ளது. கைக்குள் அடங்கும் ஒரு கருவி கண்ணிமைக்கும் நேரத்தில் விடை கூறும்போது, குழந்தை பதினாறாம் வாய்பாட்டோடு போராடுவது வீண் முயற்சி என்பர் ஒரு சாரார். கைக்கணக்கு மறைந்தால் அறிவே மழுங்கிவிடும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுகளையும் நடுநிலையோடு ஆராய்வதற்கு ஏற்ற இடம் ஒன்று நம் நாட்டில் உண்டு. கர்நாடக மாநிலத்திலுள்ள கோலார் தங்கவயலே அது. பழந்தமிழ்க் கணக்கு முறை, நவீனப் பௌதிக ஆராய்ச்சி, உழைக்கும் மக்களின் கல்வி ஆகிய மூன்றையும் பற்றிய சிந்தனைகள் அவ்வூரின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றன.

வாரன் கண்ட கணிதர்

1802ஆம் ஆண்டில் ஜான் வாரன் என்னும் ராணுவ அதிகாரி மைசூர் ராஜ்யத்தின் கிழக்கெல்லையை அளவிடும் பணியில் ஈடுபட்டிருந்தார். அப்போது உரிகம், மாரிக்குப்பம் ஆகிய ஊர்ப்புறங்களில் மக்கள் மண்ணை நீரில் அலசிப் பொன்துகள் எடுப்பதை அவர் நேரில் கண்டு ஆராய்ந்து எழுதினார். பிற்காலத்தில் அங்கே பெருஞ்சுரங்கங்கள் தோன்றுவதற்கு அவருடைய குறிப்பும் ஒரு தூண்டுகோல் ஆயிற்று. இதே வாரன் பின்னர்ச் சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். தென்னிந்தியப் பஞ்சாங்கக் கணிதத்தை விளக்கும் 'கால சங்கலிதம்' என்னும் பெருநூலை 1825இல் வெளியிட்டார்.

அந்நூலில் அவர் பதிவு செய்துள்ள நிகழ்ச்சி ஒன்று நம் ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படும். புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரை வாரன் சந்தித்தார். அக்கணிதர் எழுதுகோலையும் தாளையும் தொடவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, அவற்றை இடம் மாற்றி மாற்றி வைத்து, மனத்தில் இருந்த வாக்கியங்களின் துணைகொண்டு, 1825ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1 ஆகிய நாட்களுக்கு இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டார். அவர் கூறிய நேரத்தைத் தற்காலக் கணிப்போடு ஒப்பிட்டபோது, கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்ததாக அறியப்பட்டது. கருவி ஏதுமின்றிச் சோழிகளைக் கொண்டு பெற்ற விடை இது என்பதை எண்ணினால் வியப்பே மேலிடும்.

இம்முறைக்கு அடிப்படையாவன வாக்கியங்கள் எனப்படும் சொற்றொடர்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. எனவே ஒரு சொற்றொடரை நினைவில் கொண்டால் சந்திரன் நிற்கும் இடத்தைக் காட்டும் எண் தானே வந்துவிடும். இத்தகைய சந்திர வாக்கியங்கள் 248 உள்ளன. ஏன் 248 என்பதை வாசகரே பெருக்கிப் பார்க்கலாம். சந்திரன் தன் பாதையில் பூமிக்கு மிக அண்மையில் உள்ள நிலையிலிருந்து புறப்பட்டு, மறுபடியும் அதே நிலையை அடைய ஏறத்தாழ 27.55 நாட்கள் ஆகின்றன. இதனை 9ஆல் பெருக்கினால் 247.95, அதாவது ஏறக்குறைய 248 நாட்கள். ஆகவே 248 நாட்களுக்கு ஒருமுறை சந்திரனுடைய வேக மாறுதல்கள் பெரும்பாலும் அதே வரிசையில் திரும்ப நிகழ்கின்றன.

இனி இந்நிகழ்ச்சியின் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். அக்கணிதருக்குச் சிறந்த நினைவாற்றல் இருந்தது. ஆனால் தாம் செய்யும் கணக்கின் பின்னுள்ள வானியல் தத்துவம் தெரியாது என்று வாரன் எழுதியுள்ளார். விதிகளை வழுவாமல் பின்பற்றினார், விடை கிடைத்தது. இன்றைய கணிப்பொறி செய்வதும் இதுவேயன்றோ? நினைவகத்தில் அட்டவணை, அதனைப் பயன்படுத்தும் விதித்தொடர், இறுதியில் விடை. ஆகவே 'கையால் செய்த கணக்கு அறிவோடு கூடியது, பொறி செய்த கணக்கு அறிவற்றது' என்று பிரிப்பது பொருந்தாது. பொருளுணராது செய்யும் கணக்கு, சோழியால் செய்தாலும் பொறியால் செய்தாலும் ஒன்றே.

திண்ணைப் பள்ளியின் நிறையும் குறையும்

அக்காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் மாணவர் மணலில் விரலால் எழுதிப் பழகினர். எண்சுவடியை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தனர். முழு எண்களுக்கு மட்டுமன்றிப் பின்னங்களுக்கும் வாய்பாடுகள் இருந்தன. அரை, கால், அரைக்கால் என்று இறங்கி, இருபதில் ஒன்றாகிய மா, எண்பதில் ஒன்றாகிய காணி, முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி வரை அவை சென்றன. நிலத்தையும் நெல்லையும் கூலியையும் அளக்கும் வாழ்க்கைக்கு இவை இன்றியமையாதனவாக இருந்தன.

எனினும் அப்பள்ளிகளைக் குறையற்றவை என்று போற்றுதல் உண்மைக்கு மாறாகும். சென்னை மாகாணக் கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் கட்டளையிட்டு எடுத்த கணக்கெடுப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். மக்கள் தொகையோ 1 கோடியே 28 லட்சத்துக்கு மேல். ஆகவே, 68 பேருக்கு ஒருவரே பள்ளியில் பயின்றனர். பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் திண்ணையின் படிகள் பெரும்பாலும் அடைபட்டே கிடந்தன. தங்கவயலின் ஆழத்தில் இறங்கி உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர், வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த அத்தகைய ஒடுக்கப்பட்ட மக்களே. எனவே பழைய கல்வி முறையின் பெருமையைப் பேசும்போது, அது யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

பூமிக்கடியில் ஒரு பெருக்கல்

அம்மக்கள் தோண்டிய சுரங்கங்களே பின்னர் உலகப் புகழ் பெற்ற ஆராய்ச்சிக் கூடமாயின. வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தைத் தாக்குவதால் மியூவான்களும் நியூட்ரினோக்களும் தோன்றுகின்றன. மியூவான்களைப் பாறை தடுத்துவிடும். நியூட்ரினோக்கள் பூமியையே ஊடுருவிச் செல்லும். ஆகவே மிக ஆழத்தில், பக்கவாட்டிலிருந்து வரும் மியூவான் ஒன்று தென்பட்டால், அது அருகிலுள்ள பாறையில் ஒரு நியூட்ரினோ மோதியதால் பிறந்ததாகவே இருக்க வேண்டும். பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் விஞ்ஞானிகள், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் இத்தகைய மியூவானைக் கண்டு, 1965 ஆகஸ்டில் செய்தி வெளியிட்டனர். அதே மாதத்தில், தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ஆராய்ந்த பிரெடரிக் ரைன்ஸ் குழுவினரும் தம் முடிவை வெளியிட்டனர்.

இப்பரிசோதனையைத் தொடங்குவதற்கு முன் விடை காண வேண்டிய முதல் வினா ஒன்று உண்டு: எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? இதற்குக் கணிப்பொறி வேண்டுவதில்லை. நியூட்ரினோவால் பிறக்கும் மியூவான்கள், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில், ஒரு வினாடியில், ஓர் அலகு திண்மக் கோணத்துக்கு, சுமார் 3 லட்சம் கோடியில் ஒரு பங்கு என்னும் அளவிலேயே வருகின்றன. கருவியின் பரப்பு 10 சதுர மீட்டர் என்று கொள்வோம். அது 1 லட்சம் சதுர சென்டிமீட்டர். ஓர் ஆண்டில் உள்ள வினாடிகள் ஏறத்தாழ 3 கோடியே 15 லட்சம். இரண்டையும் பெருக்கினால் 3.15 லட்சம் கோடி. ஆகவே ஓர் அலகு திண்மக் கோணத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்று என்று விடை வருகிறது. கருவி மூன்று, நான்கு அலகுகளை நோக்குமாயின், ஆண்டு முழுதும் காத்திருந்தாலும் மூன்று, நான்கு மியூவான்களே கிட்டும்.

இந்த ஒரு பெருக்கலே எத்தகைய கருவி அமைக்க வேண்டும், எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை உணர்த்திவிடுகிறது. கருவி ஒரு நாளில் நூறு மியூவான்களைக் காட்டினால், அது கண்டுபிடிப்பன்று, கருவியின் கோளாறே என்று உடனே ஐயுறவும் இக்கணக்கே கற்பிக்கிறது. டாடா நிலையமே டிஃப்ராக் என்னும் மின்னணுக் கணிப்பொறியை உருவாக்கி 1960இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது என்பதும் நினைவுகூரத்தக்கது. கணிப்பொறியை ஆக்கியோரும் கைக்கணக்கைக் கைவிடவில்லை.

பத்தில் ஒன்று என்னும் பொறி

மதிப்பீட்டுணர்வு மட்டும் போதாது; பொறி எண்களை எவ்வாறு ஏற்கிறது என்பதையும் அறிதல் வேண்டும். கணிப்பொறி இரண்டின் அடிப்படையில் எண்ணுகிறது. எனவே அரை, கால், அரைக்கால், பதினாறில் ஒன்றாகிய மாகாணி ஆகியவற்றை அது சிறிதும் பிசகாமல் எழுதும். மாவையும் காணியையும் முந்திரியையும் அவ்வாறு எழுத இயலாது. அவற்றின் கீழெண்ணில் ஐந்து என்னும் காரணி இருப்பதால், புள்ளிக்குப் பின் இலக்கங்கள் முடிவின்றி நீளும். ஆயினும் மாவையும் காணியையும் கூட்டினால், எண்பதில் ஐந்து, அதாவது மாகாணி, முடிவுடைய எண்ணாகிவிடுகிறது. எண்சுவடி பயின்ற சிறுவன் இதனை வாய்க்கணக்காகவே கூறிவிடுவான்.

பத்தில் ஒன்றும் இவ்வாறு முடிவின்றி நீளும் பின்னமே. 1991 பிப்ரவரி 25ஆம் நாள், சவூதி அரேபியாவின் தஹ்ரானில், பேட்ரியட் என்னும் தற்காப்பு ஏவுகணை அமைப்பு எதிரியின் ஏவுகணையைத் தடுக்கத் தவறியதால் 28 ராணுவ வீரர் மாண்டனர். அமைப்பின் கடிகாரம் காலத்தைப் பத்தில் ஒரு வினாடிகளாக எண்ணிற்று. ஒவ்வொன்றிலும் வெட்டுண்ட பகுதி 0.000000095 வினாடிதான். ஆனால் அமைப்பு நூறு மணி நேரம் தொடர்ந்து இயங்கியிருந்தது. நூறு மணி நேரத்தில் பத்தில் ஒரு வினாடிகள் 36 லட்சம். பெருக்கினால் 0.34 வினாடி. வினாடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வரும் ஏவுகணை அதற்குள் அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். பள்ளி மாணவன் செய்யக்கூடிய பெருக்கல் இது. உரிய காலத்தில் அதைச் செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றுவதே அரிது.

எதனைக் காத்தல் வேண்டும்?

2025இல் 'நேச்சர்' இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சி இங்குக் கருதத்தக்கது. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைகளில் விற்பனை செய்யும் சிறுவர்கள், பல பொருள்களின் விலையை மனக்கணக்காகவே சரியாகக் கூறினர். அதையொத்த கணக்கைப் பள்ளிப் பாட முறையில் எழுதிக் கொடுத்தபோது தடுமாறினர். பள்ளி மாணவரோ எழுத்துக் கணக்கில் தேறினும் சந்தைக் கணக்கில் பின்தங்கினர். வாழ்க்கைக் கணக்கையும் பள்ளிக் கணக்கையும் இணைக்கும் பாலம் அமையவில்லை என்பதே இதன் பொருள்.

அப்பாலத்தை அமைக்கத் தங்கவயலே பாடம் தரும். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்படும் வரை, அச்சுரங்கங்கள் சுமார் 5 கோடியே 10 லட்சம் டன் கனிமக் கல்லிலிருந்து ஏறக்குறைய 800 டன் தங்கத்தை அளித்தன. ஒரு டன் கல்லில் எவ்வளவு தங்கம்? 800 டன் என்பது 80 கோடி கிராம். அதனை 5.1 கோடியால் வகுத்தால் சுமார் 15.7 கிராம். 8 கிராம் கொண்ட ஒரு பவுனுக்கு அரை டன் கல்லைத் தோண்டி மேலேற்ற வேண்டியிருந்தது. இவ்விடையைப் பொறியும் தரும். ஆனால் விரல் தவறி 157 என்று வந்தால், அது தவறு என்று பொறி சொல்லாது. தன் பாட்டன் அரை டன் கல்லுக்கு ஒரு பவுனே கண்டான் என்று அறிந்த மாணவன் சொல்லுவான்.

சுரங்கம் மூடப்பட்டபின், அவ்வூர் மக்களில் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் ரயிலில் பெங்களூருக்குச் சென்று உழைத்துத் திரும்புகின்றனர். கணிப்பொறித் தொழிலின் தலைநகரம் எனப்படும் அந்நகரில் அவர்தம் பிள்ளைகள் எத்தகைய பணியை அடைவர் என்பது, அவர்கள் பெறும் கல்வியைப் பொறுத்தது. வாய்பாடு, பின்னம், மதிப்பீடு ஆகிய மூன்றும் அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். பக்கம் பக்கமாக நீளும் பெருங்கணக்குகளைப் பொறியிடம் விட்டுவிடலாம். பொருளறியாது ஒப்பிக்கும் வழக்கத்தைப் பழமையின் பெயரால் காக்க வேண்டுவதில்லை. எண்ணின் அளவை உணரும் ஆற்றலைப் புதுமையின் பெயரால் இழக்கவும் வேண்டுவதில்லை. விடையைப் பொறி கூறட்டும். அவ்விடை நம்பத்தக்கதா என்று தீர்ப்பளிக்கும் பொறுப்பு என்றும் மனிதனுக்கே உரியது.